ஐரோப்பாவில் பல நாட்டுச் சாலைப் பயணம்: எல்லைத் தாள்களின் வரலாறு

ஒரே பயணத்தில் பல ஐரோப்பிய நாடுகளைக் காரில் கடந்து செல்வது இன்று பரவலான விடுமுறை வழக்கம். போர்த்துக்கல்லின் லிஸ்பனில் புறப்படும் ஒருவர் ஸ்பெயின், பிரான்சு, ஜெர்மனி, போலந்து, லித்துவேனியா, லாத்வியா வழியாக எஸ்தோனியாவின் தாலின் நகரை அடையலாம். எட்டு நாடுகள், ஏழு எல்லைகள், நாலாயிரம் கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவு. இந்த வழியில் நிலையான கடவுச்சீட்டுச் சோதனை எங்கும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு பயணத்தைத் திட்டமிட்டவர் புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே கடவுச்சீட்டு, விசாக்கள், சுங்க உறுதிச்சீட்டு, பன்னாட்டு வாகனச் சான்றிதழ் எனத் தாள்களைச் சேர்க்கத் தொடங்கியாக வேண்டும்.

இந்தப் பயணங்களின் வரலாற்றைச் சாலைகள், சுரங்கப்பாதைகள், எஞ்சின்கள் ஆகியவற்றின் வரலாறாகச் சொல்வதே வழக்கம். அவற்றின் பங்கு பெரிதுதான். எனினும் பயணியை வழியில் நிறுத்தியது மலையைவிட எல்லை அலுவலர் கேட்ட தாளாகவே பெரும்பாலும் இருந்தது. ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஒரே கேள்வி உண்டு: முன்பின் அறியாத அயல்நாட்டு ஓட்டுநருக்கு யார் பொறுப்பேற்பது?

தொடக்க காலம்

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 106 கிலோமீட்டர் காரோட்டிச் சென்றார். காரில் சென்ற முதல் நெடுந்தொலைவுப் பயணமாக இது கருதப்படுகிறது. வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் லிக்ரோயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றிக்கொண்டார். இரு ஊர்களும் பாடன் சிற்றரசுக்குள் இருந்ததால் அவர் எல்லை எதையும் கடக்க வேண்டியிருக்கவில்லை.

கடக்க வேண்டியிருந்தவர்களுக்குச் சிக்கல் சுங்கச்சாவடியில் தொடங்கியது. பயணி தம் காரை ஊர்தியாகப் பார்த்தார். சுங்க அலுவலரோ அதை இறக்குமதிச் சரக்காகப் பார்த்தார். கார் அந்நாட்டிலேயே விற்கப்பட்டுவிட்டால் அரசுக்கு வரி இழப்பு. எனவே நுழையும்போது இறக்குமதி வரிக்கு ஈடான தொகையைக் கட்டிவிட்டு, வெளியேறும்போது திரும்பப் பெற வேண்டும். நான்கு நாடுகளுக்குச் செல்பவர் இந்தச் சடங்கை நான்கு முறை செய்தாக வேண்டும். புகுந்த வாயில் வழியாகவே வெளியேறாதவருக்குப் பணம் திரும்பக் கிடைப்பது இன்னும் கடினம்.

தீர்வு அரசுகளிடமிருந்து வரவில்லை, சங்கங்களிடமிருந்து வந்தது. மிதிவண்டிப் பயணிகள் கார்களுக்கு முன்பே இதே தொல்லையைச் சந்தித்திருந்தனர். பிரான்சின் சுற்றுலாச் சங்கம் 1890இலும், இத்தாலியினது 1894இலும், சுவிட்சர்லாந்தினது 1896இலும் மிதிவண்டி ஓட்டுநர்களால் தொடங்கப்பட்டவை. இத்தகைய சங்கங்களும் பின்னர் வந்த கார்ச் சங்கங்களும் 'டிரிப்டிக்' என்னும் ஆவணத்தை வழங்கின. அது மூன்று பகுதிகள் கொண்ட தாள். ஒரு பகுதி நுழைவாயில் சுங்கத்தில் தங்கிவிடும், இன்னொன்று வெளியேறும் வாயிலில் கிழித்துக்கொள்ளப்படும், மூன்றாவது முத்திரைகளுடன் பயணியிடம் இருக்கும். கார் நாட்டைவிட்டு வெளியேறவில்லை என்றால் வரியைச் சங்கம் கட்டும். தாளின் மதிப்பு அந்த வாக்குறுதியில் இருந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு டிரிப்டிக் என்பதால், பல நாடுகளுக்கும் ஒரே புத்தகமாக 'கார்னே' பின்னர் வந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்குக் காரோட்டிச் செல்பவர்கள் இன்றும் அதை எடுத்துச் செல்கின்றனர்.

1909 உடன்படிக்கை

1909 அக்டோபர் 11 அன்று பாரிசில் கையெழுத்தான வாகனப் போக்குவரத்து உடன்படிக்கை இத்துறையின் முதல் பன்னாட்டு ஏற்பாடு. காரையும் ஓட்டுநரையும் சொந்த நாட்டில் சோதித்துவிட்டால் மற்ற உறுப்பு நாடுகள் மறுபடி சோதிக்கத் தேவையில்லை என்ற கொள்கையை அது நிறுவியது. அதற்கான பன்னாட்டுச் சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். வளைவு, குறுக்குச்சாலை, இரயில் கடவை, மேடுபள்ளம் ஆகிய நான்குக்குப் பொதுவான எச்சரிக்கைக் குறிகளும் வகுக்கப்பட்டன. காரின் பின்புறம் நாட்டைக் காட்டும் எழுத்து பொறித்த முட்டை வடிவத் தகடும் இந்த உடன்படிக்கையின் வழி வந்ததே. பிரிட்டன் தன் 'ஜி.பி.' எழுத்துகளை 2021 செப்டம்பரில்தான் 'யு.கே.' என மாற்றியது.

உடன்படிக்கை இருந்தும் ஊருக்கு ஊர் விதி மாறியது. சுவிட்சர்லாந்தின் கிராவ்பூண்டன் மாநிலம் இதற்கு நல்ல சான்று. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்கு இறங்கும் கணவாய்கள் பல இங்கு உள்ளன. 1900இல் இம்மாநிலம் தன் சாலைகள் அனைத்திலும் கார்களைத் தடைசெய்தது. குறுகிய மலைச்சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் காரைக் கண்டு குதிரைகள் மிரண்டன. அஞ்சல் வண்டிக்காரர்களும் உழவர்களும் அதை வெறுத்தனர். மாநிலம் பெரும் பொருட்செலவில் கட்டிய மலை இரயிலுக்குப் போட்டி வேண்டாம் என்ற கணக்கும் இருந்தது. விடுதி உரிமையாளர்கள் தடையை நீக்கக் கோரினர். வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பாகப் பத்து நடந்தன. 1925 ஜூன் 21 அன்று நடந்த வாக்கெடுப்பில்தான் கார்கள் வென்றன. அதுவரை அவ்வழியே செல்ல வேண்டிய கார்கள் எஞ்சினை அணைத்து, விலங்குகளைப் பூட்டி இழுத்துச் செல்லப்பட்டதும் உண்டு. கால் நூற்றாண்டுக் காலம் பயணத் திட்டம் போட்ட எவரும் வரைபடத்தில் இப்பகுதியைச் சுற்றிக்கொண்டுதான் கோடு வரைய வேண்டியிருந்தது. இதைப் பழைமைவாதம் என்று எள்ளுவது எளிது. ஆனால் சாலை யாருக்கு உரியது என்று மக்களிடமே திரும்பத் திரும்பக் கேட்ட இடங்கள் ஐரோப்பாவில் மிகக் குறைவு.

ஆஸ்திரியாவில் குழப்பம் வேறு வகை. மேற்குக் கோடியிலுள்ள ஃபோரார்ல்பெர்க் 1921இல் வலப்பக்க ஓட்டத்துக்கு மாறியது. டிரோல் 1930இல் மாறியது. வியன்னா 1938 வரை இடப்பக்கமே ஓட்டியது. ஆக, 1920களில் ஒரே நாட்டுக்குள் பயணி நடுவழியில் பக்கம் மாற வேண்டியிருந்தது. சுவீடன் மாறியது 1967 செப்டம்பர் 3 அதிகாலை ஐந்து மணிக்கு. பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்பிரசு ஆகியவை இன்றும் இடப்பக்கமே.

வழித்திட்டமும் வழிகாட்டி நூலும்

மிஷெலின் டயர் நிறுவனம் 1900இல் தன் முதல் வழிகாட்டியை 35,000 படிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தது. அப்போது பிரான்சில் இருந்த கார்கள் சுமார் 3,000 மட்டுமே. உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் நூலாக இன்று அறியப்படும் அது, தொடக்கத்தில் டயர் மாற்றும் முறை, பழுதுபார்ப்பவர்கள், எரிபொருள் கிடைக்கும் இடங்கள் ஆகியவற்றின் கையேடு. நட்சத்திரம் 1926இல்தான் வந்தது. 1908இல் அந்நிறுவனம் பாரிசில் ஒரு வழித்திட்ட அலுவலகத்தைத் திறந்தது. புறப்படும் ஊர், சேரும் ஊர் ஆகியவற்றைத் தெரிவித்தால் செல்ல வேண்டிய சாலைகளை எழுதிக் கட்டணமின்றிக் கொடுப்பார்கள். இன்று கைப்பேசி செய்யும் வேலையை அன்று எழுத்தர்கள் செய்தனர். 1944இல் நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுப் படைகளுக்காக 1939ஆம் ஆண்டு மிஷெலின் வழிகாட்டி வாசிங்டனில் மறுஅச்சிடப்பட்டது. நகரங்களின் தெரு வரைபடங்கள் அதில் இருந்ததே காரணம்.

போர்களும் புதிய எல்லைகளும்

முதல் உலகப் போருக்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே பயணம் செய்ய முடிந்தது. போர்க்காலக் கட்டுப்பாடு என்று வந்தது போருக்குப் பின் நிலைத்துவிட்டது. 1920இல் நாடுகளின் கழகம் பாரிசில் கூட்டிய மாநாடு கடவுச்சீட்டின் அளவையும் வடிவத்தையும் ஒழுங்குபடுத்தியது. கட்டுப்பாடுகளைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சும் அங்கு எழுந்தது. வடிவம் நிலைத்தது, பேச்சு பேச்சாகவே நின்றது.

எல்லைகளின் எண்ணிக்கையும் பெருகியது. 1914இல் வியன்னாவிலிருந்து கிராத்ஸ், லியூப்லியானா வழியாகத் திரியெஸ்தே துறைமுகம் வரை செல்பவர் ஆஸ்திரியப் பேரரசை விட்டு வெளியேறவில்லை. பேரரசு சிதறிய பின் அதே சாலையில் ஆஸ்திரியா, பின்னாளில் யுகோசுலாவியா எனப் பெயர்பெற்ற அரசு, இத்தாலி என மூன்று நாடுகள் வந்துவிட்டன. சாலை மாறவில்லை, சோதனைச்சாவடிகள் முளைத்தன. 1926இல் பாரிசில் கையெழுத்தான புதிய உடன்படிக்கை காருக்கு ஒரு சான்றிதழ், ஓட்டுநருக்குத் தனியாக ஒரு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என ஆவணங்களைப் பிரித்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெனீவாவில் இயங்கிய ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் இத்துறையின் மையமாயிற்று. 1949இன் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும், 1950இல் அறிவிக்கப்பட்ட 'ஈ' எண் கொண்ட பன்னாட்டு நெடுஞ்சாலை வலையமைப்பும் அதன் முயற்சிகள். 1975இல் இவ்வெண்கள் மறுபடி வகுக்கப்பட்டன: வடக்கு தெற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண், கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு இரட்டைப்படை எண். சுவீடனின் ஈ-4, ஈ-6 சாலைகள் மட்டும் பழைய எண்ணிலேயே தொடர்கின்றன. பிரிட்டன் தன் பெயர்ப்பலகைகளில் இந்த எண்களைக் காட்டுவதே இல்லை.

பச்சை அட்டை

இந்த ஆவணங்களுள் அதிகம் பேசப்படாதது, ஆனால் மிகவும் பயன்பட்டது, 1953 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பச்சை அட்டை என்று சொல்லலாம். அதுவரை ஒவ்வொரு எல்லையிலும் அந்நாட்டுக் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும். பிரெஞ்சுக் கார் ஒன்று இத்தாலியில் ஒருவரை மோதிவிட்டு ஊர் திரும்பிவிட்டால் அடிபட்டவர் யாரிடம் போவார்? பச்சை அட்டை முறையில் ஒவ்வொரு நாட்டிலும் காப்பீட்டு நிறுவனங்களின் பணியகம் ஒன்று அமைந்தது. அடிபட்டவர் தம் நாட்டுப் பணியகத்திடம், தம் மொழியில், தம் நாட்டுச் சட்டப்படி இழப்பீடு கோரலாம். அந்தப் பணியகம் கார் பதிவான நாட்டின் பணியகத்திடம் தொகையை வசூலித்துக்கொள்ளும். சாலையில் நடந்துபோகும் உள்ளூர்வாசியைக் காக்க எழுந்த இந்த ஏற்பாடே பயணிக்கும் வழி திறந்துவிட்டது.

1972இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. உறுப்பு நாட்டுப் பதிவெண் பலகை இருந்தாலே காப்பீடு உண்டு எனக் கொள்ள வேண்டும், அட்டையைக் கேட்டு எல்லையில் நிறுத்தக் கூடாது என்று விதித்தது. அவ்வகையில் பயணிகள் அதிகம் கவனிக்காத ஒரு எல்லைச் சோதனை செங்கன் ஒப்பந்தத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே மறைந்தது.

ஊர் திரும்பும் சாலை

நெடும்பயணத்தை விடுமுறைப் பொழுதுபோக்காக மட்டும் பார்த்தால் அதை மிகுதியாகச் செய்தவர்களை விட்டுவிடுவோம். 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும், 1968இல் மேற்கு ஜெர்மனியும் யுகோசுலாவியாவும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜெர்மன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு கோடையிலும் குடும்பத்தோடு காரில் ஊர் திரும்பினர். மியூனிக்கிலிருந்து இசுதான்புல் வரை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். துருக்கியர் இதை 'சிலா யோலு', அதாவது ஊர் திரும்பும் சாலை என்றனர்.

நான்கு வார விடுப்பில் வழிக்கென ஒரு நாளைக்கூட வீணாக்க மனமின்றி, இடையில் எங்கும் தங்காமல் இரவும் பகலும் ஓட்டினர். காரின் கூரைமேல் உறவினருக்கான சாமான்கள், உள்ளே பிள்ளைகளும் உணவும். ஆஸ்திரியா முடிந்ததும் வந்தது யுகோசுலாவியாவின் 'சகோதரத்துவமும் ஒற்றுமையும்' நெடுஞ்சாலை. போருக்குப் பின் இளைஞர் தொண்டர் அணிகள் கட்டிய அச்சாலை நெடுந்தொலைவுக்கு நடுத்தடுப்பே இல்லாத இருவழிப் பாதையாக இருந்தது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டியவர்களும் சரக்குந்துகளும் நேருக்கு நேர் வந்த அந்தத் தடத்தில் விபத்துகள் மலிந்தன. பல்கேரியாவில் கடப்பு விசா. எல்லை அலுவலர்களுக்கென்றே சிகரெட் பெட்டிகளை எடுத்து வைத்த கதையும் அக்காலப் பயண நினைவுகளில் அடிக்கடி வருகிறது. இறுதியில் கபுக்குலே எல்லை வாயிலில் மணிக்கணக்கான வரிசை.

1991இல் யுகோசுலாவியப் போர் மூண்டதும் இச்சாலை அறுந்தது. பயணிகள் ஹங்கேரி, ருமேனியா வழியாகவும், இத்தாலித் துறைமுகங்களிலிருந்து கிரேக்கத்துக்குக் கப்பலில் காரை ஏற்றியும் சுற்றிப் போயினர்.

பிரிந்த ஜெர்மனியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. மேற்கு ஜெர்மனியிலிருந்து மேற்கு பெர்லினுக்குச் செல்லும் கார்கள் கிழக்கு ஜெர்மனிக்குள் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் மட்டுமே போகலாம். அவற்றைவிட்டு விலகக் கூடாது. 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. 1972இல் நடைமுறைக்கு வந்த கடப்பு ஒப்பந்தத்துக்குப் பிறகே சோதனைகள் எளிதாயின.

இலங்கைத் தமிழர்களுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1980களில் மேற்கு ஜெர்மனிக்கு அகதிகளாக வந்தோரின் வழக்கு முடியும்வரை அவர்கள் ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைவிட்டு அனுமதியின்றி வெளியேற முடியாது. பக்கத்து நாட்டு எல்லை கிடக்கட்டும், பக்கத்து மாவட்டமே அவர்களுக்கு எல்லை. இன்று ஜெர்மனியின் ஹாம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குச் சுற்றியுள்ள நாடுகளிலிருந்தெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் காரில் வந்து சேர்கின்றன. சுவிட்சர்லாந்திலிருந்து வருவோருக்கு 2008 டிசம்பர் வரை அந்த வழியில் கடவுச்சீட்டுச் சோதனை இருந்தது.

செங்கன்

எல்லைச் சோதனை மறையத் தொடங்கியதற்கு உடனடிக் காரணம் சரக்குந்து ஓட்டுநர்களின் சினம். 1984 பிப்ரவரியில் ஆல்ப்ஸ் எல்லைகளில் சுங்க அலுவலர்கள் வேலையைத் தாமதப்படுத்தி நடத்திய போராட்டத்தில் சிக்கிக்கொண்ட ஓட்டுநர்கள் பிரான்சின் நெடுஞ்சாலைகளை மறித்தனர். அதே ஆண்டு ஜூலையில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சார்ப்ரூக்கனில் தம் பொது எல்லையில் சோதனையைத் தளர்த்த ஒப்புக்கொண்டன. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் சேர, 1985 ஜூன் 14 அன்று மோசல் ஆற்றில் 'பிரின்சஸ் மாரி-ஆஸ்த்ரித்' என்ற கப்பலில் ஐந்து நாடுகளும் கையெழுத்திட்டன. கரையில் இருந்த லக்சம்பர்க் சிற்றூரின் பெயர் செங்கன். நாட்டுத் தலைவர்கள் எவரும் வரவில்லை.

அந்த முதல் ஒப்பந்தம் சோதனையை ஒழிக்கவில்லை. கார்கள் நிற்காமல் வேகத்தைக் குறைத்துக் கடக்கலாம், அலுவலர் பார்வையால் கவனிப்பார் என்றே அது சொன்னது. உறுப்பு நாட்டுக் குடிமக்கள் குறைந்தது எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள பச்சை வட்டு ஒன்றை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம். எல்லை விதிகளுக்கு உட்பட்டவன், அளவுக்கு மேல் பொருள் எடுத்துச் செல்லவில்லை என்று ஓட்டுநர் தாமே அளிக்கும் உறுதிமொழி அது. சங்கத்தின் பிணை, காப்பீட்டுப் பணியகத்தின் பிணை ஆகியவற்றைத் தாண்டி, பயணியின் சொல்லையே அரசு ஏற்றுக்கொண்ட அரிய கட்டம் இது.

சோதனை முழுமையாக நீங்கியது 1995 மார்ச் 26 அன்று, ஏழு நாடுகளுக்கிடையே. 2007 டிசம்பரில் போலந்து, ஹங்கேரி உள்ளிட்ட ஒன்பது நாடுகளும், 2023இல் குரோவாசியாவும், 2025 ஜனவரி முதல் நிலஎல்லைகளிலும் ருமேனியா, பல்கேரியாவும் சேர்ந்தன. இன்று 29 நாடுகள். ஆனால் 2015இன் அகதிகள் வருகைக்குப் பின் ஜெர்மனி, ஆஸ்திரியா உள்ளிட்ட சில நாடுகள் 'தற்காலிக' சோதனையை மீண்டும் மீண்டும் நீட்டித்து வருகின்றன. 1914இன் தற்காலிகக் கட்டுப்பாடும் இப்படித்தான் தொடங்கியது.

எஞ்சிய தாள்கள்

செங்கன் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்குத் தாள் குறையவில்லை, இடம் மாறியது. இந்தியர், இலங்கையர் முதலியோர் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரையே அங்கு தங்கலாம். அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாடுகளிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆகவே பயணத் திட்டமே ஒரு சான்றாவணமாகிவிடுகிறது: எந்த இரவு எந்த ஊரில் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே காட்ட வேண்டும். சாலைப் பயணத்துக்கே உரிய நினைத்த இடத்தில் நிற்கும் உரிமை இங்கே அடிபடுகிறது. நடுவில் செர்பியாவுக்கோ அல்பேனியாவுக்கோ போய்த் திரும்ப நினைத்தால் பலமுறை நுழைவு விசா வேண்டும்.

குரோவாசியக் கடற்கரையில் இது நடைமுறைத் தொல்லையாகவே இருந்தது. ஸ்பிலிட்டிலிருந்து துப்ரோவ்னிக்குக்குக் கடலோரமாகச் செல்லும் சாலை, பொசுனியாவுக்குச் சொந்தமான நேயும் என்ற குறுகிய கடலோரத் துண்டைக் கடக்கிறது. 1699இல் துப்ரோவ்னிக் குடியரசு, வெனிசு தன்னை நெருங்காதிருக்க இத்துண்டை உதுமானியருக்குக் கொடுத்ததன் விளைவு அது. முந்நூறு ஆண்டுகள் கழித்தும் கார்கள் அங்கே வரிசையில் நின்றன. 2022 ஜூலையில் பெல்யேசாக் பாலம் திறந்த பிறகே குரோவாசியாவுக்குள்ளேயே தொடர்ந்து செல்ல முடிந்தது.

முன்கண்ணாடியில் பச்சை வட்டு இருந்த இடத்தை இப்போது கட்டண ஒட்டிகள் பிடித்துள்ளன. சுவிட்சர்லாந்து 1985இலும் ஆஸ்திரியா 1997இலும் நெடுஞ்சாலை ஒட்டியைக் கொண்டுவந்தன. ஜெர்மனியும் ஒரு கட்டணத்தைக் கொண்டுவர முயன்றது. ஆனால் உள்நாட்டாருக்கு மட்டும் வாகன வரியில் ஈடுசெய்யும் அத்திட்டம் அயல்நாட்டாருக்கு எதிரான பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூனில் தீர்ப்பளித்தது. ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் 2008 முதல் புகை அளவைக் காட்டும் ஒட்டியும் தேவை. பல நாடுகளில் ஒட்டியே இல்லை. இணையத்தில் பணம் கட்டினால் ஒளிப்படக் கருவி பதிவெண்ணைப் படித்துக்கொள்கிறது.

பெரிதும் மாறாத தாள் ஒன்று உண்டென்றால் அது பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. இந்திய ஓட்டுநர்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் 1949 உடன்படிக்கையின்படி அதை வழங்குகிறது. சொந்த உரிமத்தோடு சேர்த்தே செல்லுபடியாகும் அந்தச் சிறு புத்தகத்தின் காலம், 1909இன் சான்றிதழைப் போலவே, ஓராண்டு.